மூன்று தவணையில் பார்த்த படம்

இந்தியத் திரைப்பட ஆய்வுகளில் ‘ரசிகர்’ என்னும் சொல் வந்ததும் ஓர் உருவம் தானாகவே எழுந்து நிற்கிறது. முதல் நாள் முதல் காட்சி, கட்அவுட், பாலாபிஷேகம், விசில், மன்ற உறுப்பினர் அட்டை. எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூலும், மதுரையின் எளிய மக்களிடையே களப்பணி செய்து சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூலும், தெலுங்கு நட்சத்திரங்களின் ரசிகர் மன்றங்களைக் குறித்து எஸ்.வி. ஸ்ரீனிவாஸ் மேற்கொண்ட ஆய்வுகளும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. அவற்றின் மதிப்பில் ஐயம் கொள்ள இடமில்லை. ஆயினும் அவற்றில் தோன்றும் ரசிகர் பெரிதும் அரங்கிலும் தெருவிலும் கூடுபவர். எந்த மன்றத்திலும் சேராமல், எந்த நடிகருக்காகவும் சண்டையிடாமல், இரவு உணவுக்குப் பின் வீட்டில் படம் பார்த்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் அதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசும் மனிதர் அங்கே அரிதாகவே தென்படுகிறார். அவருடைய கருத்தை ‘வெறும் ரசனை’ என்று கருத்தரங்குகள் ஒதுக்கிவிடுகின்றன. அந்த ஒதுக்கல் சோம்பலிலிருந்து பிறந்தது.

ஹைதராபாத்தில் தணிக்கை அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். மலையாளப் படம் ஒன்றை அவர் சப்டைட்டிலுடன் மூன்று இரவுகளில் பார்த்து முடிக்கிறார். முதல் இரவு குழந்தை எழுந்துவிட்டது. இரண்டாம் இரவு அவரே உறங்கிவிட்டார். நான்காம் நாள் தோழியிடம் அவர் சொல்வது இவ்வளவுதான்: “படம் நல்லா இருக்கு. செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் இழுவை.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஆய்வுக்கு உரிய செய்தி நிறையவே உள்ளது. மூன்று தவணையில் பார்த்தவருக்கு ‘இரண்டாம் பாதி’ என ஒன்று ஏன் இருக்க வேண்டும்? இடைவேளைப் பலகை திரையில் தோன்றுகிறது. வீட்டில் யாரும் எழுந்து போவதில்லை. ஆயினும் படத்தை இரண்டாகப் பகுத்து மதிப்பிடும் அரங்கின் பழக்கம் கூடத்திற்குள்ளும் தொடர்கிறது. மறுபுறம், அவர் உணர்ந்த ‘இழுவை’ அரங்கில் உணரப்படும் இழுவை அன்று. அரங்கில் இருப்பவருக்குப் படம் இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்பது திட்டமாகத் தெரியாது. வீட்டில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையின் அடியில் ஒரு கோடு தோன்றி, இன்னும் 48 நிமிடம் என்று அறிவித்துவிடும். நாயகன் ஆற்றில் வீழ்ந்து மறைந்த கணத்தில் 48 நிமிடம் மீதமிருப்பின் அவன் இறக்கவில்லை என்பது அப்போதே உறுதியாகிறது. உச்சக்காட்சி எப்போது வரும் என்று அறிந்துகொண்டே பார்ப்பவரின் பொறுமை வேறு வகையானது. அவர் சலித்தார் என்றால், அதில் படத்தின் பங்கு எவ்வளவு, அந்தக் கோட்டின் பங்கு எவ்வளவு என்பது உண்மையான ஓர் ஆய்வு வினா.

ஜான் எல்லிஸ் 1982இல் வெளியிட்ட ‘விசிபிள் ஃபிக்‌ஷன்ஸ்’ நூலில் திரையரங்கின் பார்வையையும் தொலைக்காட்சியின் பார்வையையும் வேறுபடுத்தினார். முன்னது உற்றுநோக்கல், பின்னது வேலைக்கு நடுவே அவ்வப்போது கண்ணை உயர்த்திப் பார்ப்பது. வகுப்பறைகளில் இன்றும் இந்தப் பகுப்பு அப்படியே ஒப்பிக்கப்படுகிறது. ஆனால் இந்திய வீடுகளில் சப்டைட்டில் அதைக் குலைத்துவிட்டது. தாய்மொழிப் படத்தைக் காய் நறுக்கியபடி காதால் பார்த்துவிடலாம். அறியாத மொழிப் படத்தை அவ்வாறு பார்க்க இயலாது. கண்ணை எடுத்தால் கதை கைநழுவும். ஆகவே அதே வீட்டில், அதே சோபாவில், சொந்த மொழிப் படம் அரைக் கவனத்தையும் அயல் மொழிப் படம் முழுக் கவனத்தையும் பெறுகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் மலையாளத் திரைப்படங்கள் பிற மொழியினரிடையே பெற்ற மதிப்பில், அப்படங்களின் தகுதியோடு இந்த நிர்ப்பந்தக் கவனத்திற்கும் சிறு பங்கு உண்டு என்று கருதுவது தவறாகாது.

அக்காலத்தில் வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே வளர்ந்த படம் ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. பெரிய தளங்கள் ஏற்க மறுத்த நிலையில் 2021 ஜனவரி 15 அன்று ‘நீஸ்ட்ரீம்’ என்னும் சிறிய மலையாளத் தளத்தில் அது வெளியானது. வாய்மொழியாகப் பரவிய பின்னரே பெரிய தளம் ஒன்றிற்குச் சென்றது. நறுக்குதல், தாளித்தல், பரிமாறுதல், எச்சில் மேசையைத் துடைத்தல், பாத்திரம் கழுவுதல். மறுநாள் மீண்டும் அதே வரிசை. தொட்டிக் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய ஆளை அழைக்கும்படி கணவனிடம் அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சோறு விறகடுப்பில் வேக வேண்டும் என்றும், துணி இயந்திரத்தில் துவைக்கப்படக் கூடாது என்றும் மாமனார் இனிய குரலில் கேட்டுக்கொள்கிறார். படம் இந்தச் சுழற்சியைக் குறுக்காமல் காட்டுகிறது.

அரங்கின் இருளில் இக்காட்சிகள் ‘கலைப்படத்தின் நிதானம்’ என்று பெயர் பெற்றிருக்கும். வீட்டில் நேர்ந்ததோ வேறு. திரையில் உள்ள சமையலறைக்கும் பார்ப்பவரின் சமையலறைக்கும் இடையே பத்தடி தூரம்தான். குக்கர் விசில் அடித்தால் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து செல்ல வேண்டியவர் யார் என்பது எல்லா வீட்டிலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அவர் எழுந்து சென்றபோது படம் நின்றதா, மற்றவர்களுக்காகத் தொடர்ந்து ஓடியதா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அப்படத்தின் வரவேற்பைப் பற்றி எழுதப்படும் கட்டுரை, படத்தின் பாதியைத்தான் பேசுகிறது. ‘இதில் காட்ட என்ன இருக்கிறது, எல்லா வீட்டிலும் நடப்பதுதானே’ என்று சலித்துக்கொண்ட ஆண்களின் கருத்தும் இங்கே சான்றாகிறது. எழுந்து போக வேண்டிய தேவையின்றி முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தவர் கருத்து அது. தமிழ் மறுஆக்கம் 2023இல் திரையரங்குகளில் வெளியானது. மூலப் படம் எழுப்பிய விவாதத்தை அது எழுப்பவில்லை. வேறு காரணங்களும் இருக்கலாம். பார்க்கப்பட்ட இடமும் அவற்றுள் ஒன்றா என்பதை யாராவது ஆராயலாம்.

வீட்டு ரசிகரின் சொல்லுக்குச் சந்தையிலும் எடை கூடிவிட்டது. 2018இல் வெளியானபோது சுமாராகவே ஓடிய ‘தும்பாட்’, பின்னர் வீடுகளில் பார்க்கப்பட்டு, ‘இதை எப்படித் தவறவிட்டோம்’ என்ற பேச்சால் வளர்ந்து, 2024 செப்டம்பரில் மீண்டும் அரங்குக்கு வந்து முதல் வெளியீட்டைவிட அதிகம் ஈட்டியது. அதே 2018இல் தோல்வியுற்ற ‘லைலா மஜ்னு’வுக்கும் 2024இல் அதுவே நிகழ்ந்தது. ‘அன்பே சிவம்’ 2003இல் அரங்குகளில் தோற்றது. அதன் இன்றைய புகழைக் கட்டியெழுப்பியவை பெரும்பாலும் தொலைக்காட்சி ஒளிபரப்புகள். விமர்சகர்களின் நட்சத்திரக் குறியீடுகளால் இயலாததை, ‘ஒரு தடவை பாருங்க’ என்ற சாதாரணப் பரிந்துரை செய்து முடித்தது. (ஓயாமல் ஒளிபரப்பாகி நகைச்சுவைத் துணுக்குகளாகவே மாறிவிட்ட இந்தி ‘சூர்யவம்சம்’ தனி ஆய்வுக்குரியது. அப்படத்தைத் துண்டு துண்டாக மனப்பாடமாக அறிந்தோர் பலர். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அமர்வில் பார்த்தோர் எத்தனை பேர் இருப்பார்கள்?)

எதிர்வாதம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது: வீட்டில் பார்த்தவர் படத்தையே பார்க்கவில்லை, ஒலி இல்லை, இருள் இல்லை, கவனம் இல்லை. இதில் உண்மை உண்டு. ‘தும்பாட்’டின் ஓயாத மழையைக் கைப்பேசியில் பார்த்தவர் அதன் ஒளிப்பதிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது. வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுப் பார்த்தவர் படத்தொகுப்பைக் குறைகூறுவது அதைவிட நகைப்புக்குரியது. ஆனால் இந்த வாதத்தை முன்வைக்கும் மூத்த பேராசிரியர்களின் தலைமுறை இந்திய மாற்றுத் திரைப்படங்களை எங்கே கண்டது? எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ஒளிபரப்பிய, விருது பெற்ற மாநில மொழிப் படங்களில்தான் அவர்களுள் பலருக்கு அறிமுகமே கிடைத்தது. சிறிய பெட்டி, பல வீடுகளில் கறுப்பு வெள்ளை, மதிய உணவின் மயக்கம், ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்கு ஓடிய தம்பி. அந்த ரசனைக்குப் பல்கலைக்கழக மரியாதை கிடைத்துவிட்டது. இன்றைய கைப்பேசி ரசனைக்கு மட்டும் அது மறுக்கப்படுவதற்கு நியாயம் தென்படவில்லை.

அந்த மரியாதையை மறுத்துக்கொண்டிருக்கும் வேளையில் கணக்கெடுக்கும் பணியை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. நெட்ஃபிளிக்ஸ் 2023 டிசம்பர் முதல், எந்தப் படம் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற பட்டியலை ஆறு மாதத்திற்கு ஒருமுறை வெளியிடுகிறது. மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வருவதே அதன் கணக்கில் ஒரு ‘பார்வை’. அதாவது பாதியில் வெறுத்து நிறுத்திய இருவர் சேர்ந்தால், முழுப் படத்தையும் விரும்பிப் பார்த்த ஒருவராகிவிடுகின்றனர். உறங்கிய தணிக்கை அலுவலரின் இரண்டாம் இரவும் அதில் சேரும். இந்த எண்களை மேற்கோள் காட்டி ‘மக்கள் வரவேற்பு’ என்று தலைப்பிடும் ஆய்வுக் கட்டுரைகள், வரவேற்பைப் பற்றி ஒன்றையும் சொல்வதில்லை.

கருத்தைக் கேட்க வேண்டுமானால் மனிதரைத்தான் கேட்க வேண்டும். தில்லிப் பெண்கள் தூர்தர்ஷன் தொடர்களை எவ்வாறு பார்த்தனர் என்பதைப் பூர்ணிமா மங்கேகர் அவர்களுடைய வீடுகளுக்கே சென்று கேட்டு 1999இல் நூலாக்கினார். திரைப்படத்திற்கு அத்தகைய பணி இந்திய மொழிகளில் இன்னும் போதிய அளவு நிகழவில்லை. ‘பிடித்த படம் எது, ஏன்’ என்று கேட்கும் வினாநிரல் இதற்கு உதவாது. எத்தனை அமர்வில் பார்த்தீர்கள், எந்தத் திரையில், உடன் யார் இருந்தார், ரிமோட் யார் கையில் இருந்தது, இடையில் எழுந்து சென்றவர் யார் என்று தொடங்க வேண்டும்.

முதலில் செல்ல வேண்டிய வீடுகளும் உள்ளன. எண்பதுகளில் வி.சி.ஆரை வாடகைக்கு எடுத்துவந்து, அக்கம்பக்கத்தாரையும் அழைத்து, ஒரே இரவில் மூன்று படம் பார்த்த குடும்பங்கள் நாடெங்கும் இருந்தன. எந்தப் படம் முதலில் ஓட வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார், பெண்கள் கேட்ட படம் எத்தனை மணிக்கு வந்தது, விடியும்போது எதைப் பற்றிப் பேசினர் என்பவை எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கமாட்டா. அன்று முப்பத்தைந்து வயதில் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.