பெயர் மட்டும் மிஞ்சிய பேரங்காடி

1898-இல் சென்னை மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்ட, 1900-இல் திறக்கப்பட்ட செங்கல் மாளிகை மூர் மார்க்கெட். பெயர் ஆள வந்தாருடையது, பயனோ ஆளப்பட்டோருடையது!

புதுநூல் வாங்கப் பொருளற்ற மாணவன், அதன் தாழ்வாரத்துப் பழைய புத்தகக் கடைகளில் சில அணாக்களுக்கு அறிவைப் பெற்றான். ஏழைக்கு அதுவே பல்கலைக் கழகம்!

1985 மே 30-இல் தீ அதனைத் தின்றது. வணிகர் அல்லிக்குளத்திற்குப் பெயர்ந்தனர். அவ்விடத்தில் எழுந்தது புறநகர் இரயில் நிலையம். அதற்கு ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்றே பெயர்.

இரயில் வேண்டாமென்போர் அல்லர் நாம். ஆனால், ஆண்டவர் பெயர் நிலைத்தது. ஏழையின் கடையன்றோ இடம் இழந்தது! நகரை வளர்ப்போரே, பெயரைக் காத்தது போதாது. எளியோர் பிழைப்பையும் படிப்பையும் காப்பதே வளர்ச்சி!