தெர்மோகோல் போன பின்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஆகஸ்டு 12-ஆம் நாள் வெளியிட்ட பிளாஸ்டிக் கழிவுத் திருத்த விதிகளின் தடை 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்து, அதன் ஜாபிதாவில் பலூன் குச்சிக்கும் ஐஸ்கிரீம் குச்சிக்கும் அருகே அலங்காரத் தெர்மோகோலும் இடம்பெற்றுவிட்டதால், ஓவிய ஆசிரியர்களும் கைத்தொழில் ஆசிரியர்களும் இனிக் கண்காட்சிக்கு என் செய்வது என்று நமக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதிவருகிறார்கள். நம் அபிப்பிராயத்தைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறோம்: தடை நியாயமானது. தெர்மோகோல் தட்டையும் குவளையும் தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரியிலேயே விலக்கியிருக்க, பள்ளி மேசையில் மட்டும் அந்தப் பண்டம் மூன்றரை ஆண்டு கூடுதலாக வீற்றிருந்ததே விந்தை.

ஒட்டுப்பட வேலைக்கு அது ஒருநாளும் இன்றியமையாததாக இருந்ததில்லை. செய்தித்தாள்களுக்கிடையே கனம் ஏற்றி அழுத்திய அரசிலையும், வாழைச்சருகும், வெங்காயச் சருகும், கழுவி உலர்த்திய முட்டை ஓடும், தையற்காரர் மேசையடியில் சேரும் துணித்துண்டுகளும், முகூர்த்த மாதம் கழிந்ததும் வீடுதோறும் குவியும் கல்யாணப் பத்திரிகைகளும் உள்ளவரை நமக்குச் சாமான் பஞ்சம் வராது. இரண்டு எச்சரிக்கை மாத்திரம் உண்டு. பசை கெடாதிருக்க மைதாக் கஞ்சியில் மயில்துத்தம் கலக்கும் பைண்டிங் கடை வழக்கம் வகுப்பறைக்குள் நுழையலாகாது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே காய்ச்சுங்கள். குன்றிமணி கொடிய நஞ்சு. எவ்வளவு அழகாயிருந்தாலும் சிறுபிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

ஆயின் தெர்மோகோல் நம் பள்ளிகளுக்குள் எவ்வாறு வந்தது என்பதை விதி வகுத்தவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை. நாம் பல காலமாக இப்பக்கத்தில் முறையிட்டுவருவது அதைப் பற்றியே. பத்தடி தூரத்திலிருந்து வெள்ளைவெளேரெனத் தெரியும் வஸ்துவுக்கே பரிசு கொடுத்துப் பழகிய நடுவர்களும், அந்தப் பரிசை நம்பி ‘புராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று பலகை மாட்டிய ஸ்டேஷனரிக் கடைகளும், நள்ளிரவில் சூடான கம்பியால் அதை அறுத்துக்கொண்டிருந்த தகப்பன்மார்களும் கூடி வரவழைத்த விருந்தாளி அது. ஒரு மாவட்டக் கண்காட்சியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியை ஒட்டியிருந்தாள்: நரைமயிருக்குப் பூண்டுத்தோலைக் கீற்றுக்கீற்றாகக் கிழித்தும், புடவைக்கு வெங்காயச் சருகை மடிப்பு மடிப்பாக அடுக்கியும், பாம்படத்துக்குப் புளியங்கொட்டையை வைத்தும். காது முகத்தில் பாதி இருந்தது. மடியில் படுத்து அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்குக் காது அவ்வளவு பெரிதுதான். பரிசோ ஜிகினாத்தாள் ஒட்டிய தெர்மோகோல் பெரிய கோயிலுக்குப் போயிற்று. அதைத் தூக்கி வந்த பையனுக்கு விமானம் எது, கோபுரம் எது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நடுவர்கள் அப்படியே இருக்கிறார்கள். தெர்மோகோல் விட்ட இடத்தை ஃபோம் ஷீட் பிடித்துக்கொள்ளும். ஜாபிதாவில் அதன் பெயர் இல்லை. இலையை அழுத்தவும் பசை காய்ச்சவும், எல்லாவற்றிலும் கடினமான காரியமாகிய பிள்ளையின் கையைத் திருத்தாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவும் தேர்ந்த ஆசிரியர் வேண்டாமா? 2012-இல் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்குமாக நம் அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்ட 16,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்று தொடங்கி, பத்தாண்டு கழிந்து 2022-இலும் பகுதிநேரத்தாராகவே நின்றார்கள். கண்காட்சி நெருங்கும்போது மட்டும் அவர்கள் நினைவு அதிகாரிகளுக்கு வருகிறது, அதுவும் மேடை அலங்காரத்துக்காக. கலையைக் கல்வியோடு இணைக்க வேண்டுமென்று 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை விஸ்தாரமாகப் பேசுகிறது. இணைக்க வேண்டிய ஆளுக்கு முழுநாள் வேலை கொடுப்பதில் மாத்திரம் மத்தியிலும் சிரத்தையில்லை, மாநிலத்திலும் சிரத்தையில்லை.

சுற்றறிக்கை வரும் என்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. இவ்வாண்டு நடுவராக அழைக்கப்படும் வாசகர்கள், பிள்ளையைப் படைப்பின் அருகே நிறுத்தி, இதை எப்படி ஒட்டினாய் என்று கேட்டு, விடை வராத இடத்தில் மதிப்பெண் இட மறுத்துவிடுங்கள். மறுத்த காரணத்தையும் நடுவர் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்கே அனுப்பிவையுங்கள்.