"அவன் சுபாவமே அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள்

முதலாம் ஆண்டில் என் செமினார் நாளன்று நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டேன். ரெண்டாவது தடவையும் அதே காய்ச்சல்! "அவன் சுபாவமே அப்படித்தான், விடுங்கப்பா" என்றார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 'சுபாவம்' என்று முத்திரை குத்திவிட்டால் அப்புறம் யாரும் உதவ வேண்டியதில்லை, பாருங்கள்.

சரி, நம்ம ஆட்களுக்குத்தான் தெரியாது என்றால், மனநலப் புத்தகங்களும் இதே வேலையைச் செய்திருக்கின்றன.

1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு, மூன்றாம் பதிப்பில் இரண்டு பெயர்களைச் சேர்த்தது. ஒன்று சோஷியல் ஃபோபியா: நாலு பேர் முன்னால் பேச, சாப்பிட, எழுத பயம். இன்னொன்று அவாய்டன்ட் பர்சனாலிட்டி டிஸார்டர்: ஒதுங்குவதே ஆளுமையாகிவிட்டதாம். இரண்டாவதால் வரும் பயம் என்றால் முதலாவதைச் சொல்லக்கூடாது என்று விதி வேறு! 1987-ல் அந்த விதி போனது. பெரும்பாலான இடங்களில் பயப்படுகிறவர்களுக்கு 'ஜெனரலைஸ்டு' என்ற உட்பிரிவு வந்தது. விளைவு? ஒரே ஆளுக்கு ரெண்டு முத்திரை. 1992-ல் வெளியான ஆய்வுகள் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டபோது, பெரிய வித்தியாசம் தீவிரத்தில்தான் இருந்தது. 2013-ல் 'ஜெனரலைஸ்டு' போய், 'மேடையில் மட்டும்' என்ற குறிப்பு வந்தது. ஆளுமைக் கோளாறு மட்டும் அசையவில்லை.

காய்ச்சல் 100 டிகிரி என்றால் நோய், 104 என்றால் குணமா? என்னய்யா நியாயம் இது?

"சமூக பயம் இல்லாமலே ஒதுங்கும் ஆளுமை உள்ளவர்களும் இருக்கிறார்களே" என்பீர்கள். உண்மைதான். தன்னைத் தாழ்வாக நினைப்பது அதில் ஆழமாக வேரோடியிருக்கும் என்பதும் சரி. ஆனால் அதற்காக, பயத்தில் நடுங்குகிற எல்லோரையும் அந்தப் பெட்டியில் போட வேண்டுமா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது, இந்த ஆளுமை வகைப் பெயர்களைப் பெரும்பாலும் தூக்கிவிட்டு, தீவிரத்தை அளக்கச் சொன்னது. அதுதான் புத்திசாலித்தனம்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பயம் என்றால் சிகிச்சை உண்டு: பயப்படும் காரியத்தைப் படிப்படியாகச் செய்து பழகும் சிபிடி இருக்கிறது, மருந்து இருக்கிறது. ஒதுங்கும் ஆளுமை என்று எழுதப்பட்டவர்களுக்கும் இதில் முன்னேற்றம் வருகிறது. 'ஆளுமையே கோளாறு' என்று கேட்டவன் மறுபடி டாக்டரிடம் போவானா?

உங்கள் வகுப்பிலும் செமினார் அன்று காய்ச்சல் வரும் ஒருவன் இருப்பான். அவன் சுபாவத்தை ஆராயாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், போதும்.