எல்லைக்கோடும் பிரஜா உரிமையும்

1953-இல் ஆந்திர ராஜ்யத்தில் சேர்க்கப்பட்ட பொதட்டூர்பேட்டை, ம. பொ. சி. முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தை அடைந்தது. கோடு இருமுறை நகர்ந்தும் அவ்வூர் நெசவாளர் ஒருவரேனும் அந்நியராகவில்லை. இரு ராஜ்யங்களிலும் பிரஜா உரிமை ஒன்றே.

பர்மாவின் சரித்திரமோ வேறு. நம் மாகாணங்களுள் ஒன்றாயிருந்த அது, 1937-இல், இதே ஏப்ரல் 1-ஆம் தேதியில்தான் பிரிக்கப்பட்டது. அங்கே லேவாதேவி செய்தவரும் நெல்வயலில் உழைத்தவருமான தமிழர் நாளடைவில் அயலாராயினர். 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின், 1964-இல் கடைகளைச் சர்க்கார் உடைமையாக்கவே, லட்சக்கணக்கானோர் வெறுங்கையராய்த் தாயகம் திரும்பினர். 1982-ஆம் வருஷச் சட்டமோ பிரஜைகளையே மூன்று தரமாகப் பிரித்தது.

பிரிட்டிஷ் பார்லிமெண்டு வழக்கங்களை மனப்பாடம் செய்த நம் வக்கீல்களில் (எம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்) இச்சட்டத்தைப் படித்தவர் எத்தனை பேர்? சட்டக் கலாசாலைகள் இதை உடனே பாடமாக்கவேண்டும்.