எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடு!



கம்ப்யூட்டர் என்றதும் நமக்கு கேமும் படமும்தான் ஞாபகம் வரும். உள்ளே எல்லாவற்றையும் மேய்க்கும் இயங்குதளத்தை யாரும் நினைப்பதில்லை. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் இயங்குதளங்கள்தான். இதை எந்த மொழியில் எழுதுவது நல்லது? இதில் வல்லுநர்களுக்குள்ளேயே சண்டை. என் கருத்தையும் சொல்கிறேன்.

சண்டைக்கு முக்கியக் காரணம் நினைவகம். நூலகத்தில் புத்தகம் வாங்குவது போல, ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் இடம் வாங்குகிறது. திருப்பித் தராவிட்டால் இடம் தீர்ந்துவிடும். தந்த பிறகும் அதில் கிறுக்கினால் அடுத்தவர் தகவல் கெடும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, சி மொழி. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. 1973-ல் யூனிக்ஸ் இதில் மாற்றி எழுதப்பட்டது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதில்தான். வாங்குவதும் தருவதும் எழுதுபவர் பொறுப்பு. வேகம் உண்டு, ஆபத்தும் உண்டு. தாங்கள் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத் தவறுகளே என்று 2019-ல் மைக்ரோசாப்ட் சொன்னது.

இரண்டாவது, ஜாவா போன்ற மொழிகள். வேண்டாத இடத்தைப் பெருக்கி எடுக்கத் தனியாக ஒரு ஆள் இருப்பது போல! ஆனால் பெருக்கும்போது வேலை கொஞ்சம் நிற்கலாம். இயங்குதளம் அப்படி நிற்க முடியுமா? மேலும், அந்த ஆளுக்கே இடம் கொடுக்க வேண்டியது இயங்குதளம்தானே!

மூன்றாவது, ரஸ்ட் மொழி. இதன் முதல் நிலையான பதிப்பு 2015-ல் வந்தது. இதில் புத்தகம் ஒருத்தி பேரில்தான் இருக்கும். பல பேர் சேர்ந்து படிக்கலாம். ஒருத்தி எழுதும்போது மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. அவள் வேலை முடிந்ததும் புத்தகம் தானாகத் திரும்பிவிடும். இந்த விதியை நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் சோதித்துவிடும். அதனால் பெருக்குகிற ஆளும் வேண்டாம், வேகமும் குறையாது.

என் ஓட்டு ரஸ்டுக்குத்தான்.

"சி-யிலேயே கவனமாக எழுதினால் போதாதா?" என்று கேட்பீர்கள். லினக்ஸில் கோடிக்கணக்கான வரிகள், ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். யாருக்காவது ஒருநாள் கண் அசராதா? சாதாரண நிரலில் தப்பு நடந்தால் அது மட்டும்தான் நிற்கும். இயங்குதளத்துக்குள் நடந்தால் மொத்தமும் நிற்கும். 2024 ஜூலை 19-ல் ஒரு பாதுகாப்பு மென்பொருள், விண்டோஸின் உள்ளே இருந்துகொண்டு, தனக்கு உரியதல்லாத நினைவகத்தைப் படிக்கப் போனது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமானங்கள் ரத்தாயின, ஆஸ்பத்திரி வேலைகூட தடைபட்டது.

ரஸ்டிலும் குறை உண்டு. கற்பது கஷ்டம். வன்பொருளை நேரடியாகத் தொடும் இடங்களில் கம்பைலரின் சில சோதனைகளைத் தாண்டித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த இடங்களைத் தனியாகக் குறித்து வைக்கலாம், அங்கே கூடுதலாகக் கண் வைத்தால் போதும். பழைய சி வரிகளைத் தூக்கி எறியவும் முடியாது, அவை பல வருட உழைப்பு. ஆகவே புதிதாக எழுதுவதை ரஸ்டில் எழுதட்டும். 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1 அதற்கு வழிவிட்டது. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இப்படிப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியதும், நினைவகக் குறைகளின் பங்கு 2019-ல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024-ல் 24 சதவீதமாகக் குறைந்தது.

நம் வீட்டுப் போனில் பணமும் இருக்கிறது, படமும் இருக்கிறது. வெள்ளம் வரும் முன்பே அணை போடுவதுதானே புத்திசாலித்தனம்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அடுத்த இதழில் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி