காட்டுக்கு ஒரு சுவர்!

ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா, மிகப் பழைய கிறிஸ்தவ நாடு. அதன் வட பகுதியில் காடுகள் பெரும்பாலும் அழிந்து, வயல்கள் ஆகிவிட்டன.

ஆனால், மாதா கோவில்களைச் சுற்றி மட்டும் மரங்கள் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன! கோவில் மரம் புனிதமானது என்று மக்கள் நம்பியதே காரணம்.

அந்தக் காடுகளுக்கும் ஆபத்து வந்தது. ஆடு மாடுகள் உள்ளே புகுந்தன, இளங்கன்றுகளைத் தின்றன. கிழட்டு மரம் விழுந்தால், அந்த இடத்தில் புது மரம் வளரவில்லை.

அந்நாட்டு விஞ்ஞானி அலெமாயெஹு வாசி, பாதிரியார்களிடம் எடுத்துச் சொன்னார். அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் லோமன் துணை நின்றார். பாதிரியார்கள் அழைத்தார்கள், ஊரார் திரண்டார்கள். வயல்களில் கிடந்த கற்களைப் பொறுக்கி வந்து, காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள்.

கல் நீங்கியதால் உழவும் சுலபமாயிற்று. மாடுகள் புகாததால் கன்றுகளும் தலைதூக்கின. காட்டுத் தேனீக்கள் பக்கத்து வயல்களில் மகரந்தம் சேர்க்கின்றன. காட்டைக் காத்தவர்களின் பயிரைக் காடு காக்கிறது!

பக்தி, பழைய மரத்தைக் காப்பாற்றியது. கன்றைக் காப்பாற்றியதோ உழைப்பு! பக்தி மட்டும் போதாது. கையும் வேலை செய்யவேண்டும்.

ஞாயிறுதோறும் கூடும் சபையாரே! பிரார்த்தனை முடிந்ததும் கோவில் வளாகத்தைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். வேலி இல்லாத கன்று ஒன்று அங்கே நிற்கிறதா?