அக்டோபர் வேண்டாம், மார்ச்ல போவோம்

அக்டோபர் வந்தா போதும், ஆன்சைட் போன பசங்க வெர்மான்ட் பக்கம் காரை விட்டுட்டு, சிவப்பும் மஞ்சளுமா நிக்குற மேப்பிள் மரங்களைப் படம் புடிச்சு அனுப்பிடுறாங்க. அதைப் பாத்துட்டு இங்க பொட்டி தட்டிக்கிட்டிருக்கிற நம்ம கூட்டமும் "நாமளும் அக்டோபர்ல மலைக்குப் போயி இலையுதிர் காலம் பாக்கலாம்டா"ன்னு கிளம்புது. சங்கரன்கோவில்காரன் என்கிற முறையில எனக்கு இதுல ஆட்சேபம் உண்டு மக்களே.

அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை தொடங்கும். புளியங்குடி போய் மேற்கே பாத்தீங்கன்னா மலை முழுக்கப் பச்சைதான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு நம்ம முன்னோர் ஆறு பருவம் வச்சாங்க. அதுல இலையுதிர் காலம்னு ஒண்ணு கிடையவே கிடையாது!

அங்க பகல் சுருங்கி, குளிர் வர்றதுக்கு முன்னாடி மரம் இலையை உதிர்க்குது. பச்சையம் சிதையும்போது உள்ளே மறைஞ்சிருந்த மஞ்சள் வெளிய தெரியுது. சிவப்பு மட்டும் அந்த நேரத்துல புதுசா உருவாகுற ஆந்தோசயனின். நம்ம ஊர் தேக்குக்குப் பிரச்சினை குளிர் இல்ல, தண்ணி. மண்ணு காயுற மாசங்கள்ல தண்ணியை மிச்சம் பண்ண இலையைக் கொட்டிடும்.

ஆனா நம்ம மலையில நிறம் காட்டுறது உதிர்ற இலை இல்லீங்க, துளிர்க்கிற இலை! மா, அரசு, காட்டுல நாங்கு மரம்... எல்லாத்துக்கும் தளிர் செம்பு நிறத்துலயோ சிவப்பாவோதான் வரும். அதுக்கும் காரணம் அதே ஆந்தோசயனின்தான். பச்சையம் பிறகுதான் நிறையும். 'மாந்தளிர் நிறம்'னு நம்ம மொழியில தனியா ஒரு பேரே இருக்கே. அவங்க சாகப்போற இலையைப் பாக்கப் போறாங்க, நாம பிறந்த இலையைப் பாப்போம் :-)

அதனால என் திட்டம் இது. பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். ஆபிஸ்ல ஆணி கம்மியா இருக்குற ஒரு சனிக்கிழமை. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியா தென்மலை. மொட்டையா நிக்குற தேக்கு, இடையில சிவப்புத் தளிர், வழியில பழைய 13 கண் ரயில் பாலம். விடியக்காலையில கிளம்பினா ராத்திரி வீட்டுச் சாப்பாடு.

ஒரே ஒரு நிபந்தனை. யாரும் தார் ரோட்டை விட்டுக் காட்டுக்குள்ள இறங்கக்கூடாது. சருகு கொட்டுற காலம்தான் தீப்பிடிக்கிற காலமும். 2018 மார்ச் 11 அன்னிக்கு தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத் தீ பரவினப்ப, மலையேறப் போன 20 பேருக்கு மேல உயிர் போச்சு. அதுல ஐடி வேலை பாத்தவங்களும் உண்டு. அதனால சிகரெட், அடுப்பு, 'சும்மா ஒரு கேம்ப் ஃபயர்' எதுவும் கூடாது. கார் கண்ணாடியை இறக்கி வச்சுப் பாத்தாலே தளிர் தெரியும்.

அக்டோபர் லீவை குற்றாலக் குளியலுக்கு வச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?